ஸ்பான்சர் பணம் எங்கே போகிறது? லாபநோக்கற்ற தொழில்நுட்ப மாநாடுகளின் கணக்கைப் படிக்கும் முறை

2020இல் கொரோனா வந்தபோது, இணையதளம் உருவாக்கும் ட்ருபல் என்ற இலவச மென்பொருளைப் பேணும் ட்ருபல் அசோசியேஷன் தன் சமூகத்திடம் 5 லட்சம் டாலர் நிதி கேட்க வேண்டியிருந்தது. ட்ருபல் மென்பொருளுக்கு அப்போது எந்தக் கோளாறும் இல்லை. அதில் இயங்கும் தளங்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் மே மாதம் மினியாபொலிஸில் கூடவேண்டிய அதன் மாநாடான ட்ருபல்கான் நின்றுபோனது. ஆண்டு முழுவதும் அமைப்பைத் தாங்கிய பணத்தில் எவ்வளவு பெரிய பங்கு அந்த ஒரு மாநாட்டின் டிக்கெட், ஸ்பான்சர் வரவிலிருந்து வந்தது என்பது அன்றுதான் பலருக்கும் உறைத்தது. ட்ருபலை உருவாக்கிய ட்ரீஸ் பாய்டார்ட் தம்பதியர், மற்றவர்கள் தருவதற்கு ஈடாக 1 லட்சம் டாலர் வரை தாங்களும் போடுவதாக அறிவித்தனர். நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. குறித்த கெடுவுக்கு முன்பே தொகை திரண்டது.

பைத்தான் நிரல்மொழியைப் பேணும் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பைத்தான் தொகுப்புகள் உலகெங்கும் இறக்கப்படும் பைபிஐ களஞ்சியத்தை நடத்துவதும், பிற நாடுகளின் சிறு பைத்தான் கூட்டங்களுக்கு நல்கை தருவதும் இந்த அறக்கட்டளைதான். அதன் வரவில் பல ஆண்டுகளாகப் பெரும்பங்கு பைகான் யூஎஸ் மாநாட்டிலிருந்து வந்தது. 2025 ஆகஸ்டில் அந்த நல்கைத் திட்டத்தைப் பாதியில் நிறுத்திவைக்க நேர்ந்தது. பணவீக்கம், குறைந்துவரும் ஸ்பான்சர்ஷிப், தொழில்துறையின் நெருக்கடி ஆகியவை தன்னை அழுத்துவதாக அறக்கட்டளையே வெளிப்படையாகச் சொன்னது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவில், 14 ஊழியர்களுடன் இயங்கிய அமைப்பு அது. மாநாட்டில் விழும் ஓட்டை அங்கே நேராகப் பொதுப்பணியில் தெரியும்.

ஆகவே இத்தகைய மாநாட்டுக்கு ஒரு நிறுவனம் தரும் ஸ்பான்சர் தொகைக்குள் இரண்டு செலவுகள் இருக்கின்றன. ஒன்று, அந்த மூன்று நான்கு நாள் நிகழ்ச்சிக்கு ஆகும் செலவு. மற்றொன்று, அமைப்பின் ஓராண்டு வேலைக்கு ஆகும் செலவு. இரண்டும் நியாயமானவை. ஆனால் எந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று பட்டியலிடும் ஸ்பான்சர் கையேட்டைப் பார்த்து எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. சட்டப்படி வெளியிடப்படும் கணக்குகளும் அதைப் பிரித்துக் காட்டுவதில்லை. நிகழ்ச்சிக்கென்று தனி வரவுசெலவு அறிக்கை வேண்டும் என்பது இதனால்தான். அதைக் கேட்டு வாங்கும் வலு, பணம் தருகிறவர்களிடம் இருக்கிறது.

அரங்கத்தில் கரையும் பணம்

அமெரிக்காவின் பெரிய மாநாட்டு மையங்களில் கூடம் வாடகை எவ்வளவு என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. உணவுக்கு இவ்வளவு, ஓட்டல் அறைக்கு இவ்வளவு என்று உறுதி தந்தால் வாடகை குறையும்; சில நேரம் முழுவதும் தள்ளுபடியாகும். மலிவாகத் தெரியும் வாடகைக்கு மற்ற மூன்று நான்கு இடங்களில் விலை கொடுக்கிறோம் என்பது ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில்தான் தெரியவரும்.

முதலில் உணவு. பெரும்பாலான மையங்களில் ஒரே ஒரு சமையல் ஒப்பந்ததாரர்தான்; வெளியிலிருந்து ஒரு பெட்டி பிஸ்கட்டைக்கூட உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள். காபிக்கு கேலன் கணக்கில் விலை. ஒரு கேலன் 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 24% சேவைக் கட்டணம். அந்தக் கூட்டுத்தொகையின்மேல் 7% விற்பனை வரி. ஆக 132 டாலர் 68 சென்ட். ஒரு கேலனில் 8 அவுன்ஸ் கோப்பைகள் 16 வரும். ஒரு கோப்பை 8 டாலர் 29 சென்ட். 2,000 பேருக்கு நாளுக்கு இரண்டு முறை, மூன்று நாள் என்று பெருக்கினால் காபிக்கு மட்டும் ஒரு லட்சம் டாலரை நெருங்கும். பட்டியலில் உள்ள விலையை மட்டும் வைத்துத் திட்டம் போட்டவர் மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுந்து நிற்பார். புதிதாக மாநாடு நடத்துகிறவர்கள் மிக அதிகமாக இடறும் இடம் இது.

அடுத்தது ஓட்டல் அறைகள். பங்கேற்பாளர்களுக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்று அமைப்பு மொத்தமாக அறைகளைப் பிடித்து வைக்கும். 1,000 அறை இரவுகள் (ஓர் அறை ஓர் இரவு என்ற கணக்கில்) பிடித்திருக்கிறது, 80% நிரம்பும் என்று உறுதி தந்திருக்கிறது என்று கொள்வோம். உண்மையில் 650 இரவுகள்தான் நிரம்பின. உறுதி தந்த 800க்கு 150 குறைவு. இரவுக்கு 200 டாலர் என்றால் 30,000 டாலர் வரை அபராதமாகப் போகக்கூடும். பங்கேற்பாளர் ஒருவர் பக்கத்துத் தெருவில் 20 டாலர் மலிவான அறை எடுத்துத் தங்கினால், அவர் பெயரும் பிடித்துவைத்த கணக்கில் சேராது. மாநாட்டு ஓட்டலிலேயே தங்குங்கள் என்று அமைப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். ஒப்பந்தத்தில் கவனிக்கவேண்டிய வரி ஒன்று உண்டு: அந்த ஓட்டலில் வேறு வழியாக அறை எடுத்த பங்கேற்பாளர்களையும் எண்ணிக்கையில் சேர்க்கவேண்டும், ஓட்டல் அந்த அறையை வேறொருவருக்கு விற்றுவிட்டால் அபராதம் குறையவேண்டும். இது இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

இந்த ஒப்பந்தங்கள் நிகழ்ச்சிக்குப் பல ஆண்டுகள் முன்பே கையெழுத்தாகின்றன. பைகான் யூஎஸ் ஒரே நகரத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு நடப்பதைக் கவனித்திருக்கலாம்: 2016, 2017 போர்ட்லேண்ட், 2018, 2019 கிளீவ்லேண்ட், 2022, 2023 சால்ட் லேக் சிட்டி, 2024, 2025 பிட்ஸ்பர்க், 2026, 2027 லாங் பீச். இரண்டாம் ஆண்டில் கூடத்தின் அமைப்பு, மின்னிணைப்பு, உணவு வரிசை எல்லாம் பழகியிருக்கும். பேரமும் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்துப் பேசலாம். மறுபக்கம், நடுவில் தொழில்துறை சரிந்தாலும் ஒப்பந்தம் சரியாது. ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறும். கடைசி மாதங்களில் ஏறத்தாழ முழுத்தொகையும் கட்டவேண்டியிருக்கும். 2020க்குப் பிறகு பெரும்பாலான ரத்துக் காப்பீடுகளில் தொற்றுநோய் விலக்கப்பட்டுவிட்டது. அமைப்பு ஒன்று கையில் கணிசமான சேமிப்பு வைத்திருந்தால் அதைக் குறைசொல்லும் முன் இந்தக் கடப்பாட்டையும் பார்க்கவேண்டும்.

ஸ்பான்சர் நேரடியாகக் கட்டும் செலவு தனி. அது லாபநோக்கற்ற அமைப்பின் கைக்கு வருவதே இல்லை. ஸ்டாலுக்கு வரும் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து வைத்து, முடிந்ததும் திருப்பி ஏற்றுவதற்கு நிகழ்ச்சி ஒப்பந்ததாரர் எடைக்கூலி வாங்குவார். கணக்கு 100 பவுண்டு வீதம். மிச்ச எடையை அடுத்த 100க்கு ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் குறைந்தபட்சம் 200 பவுண்டு என்று வைப்பது வழக்கம். 100 பவுண்டுக்கு 150 டாலர் என்றால், தனியாக அனுப்பிய 40 பவுண்டு டி-ஷர்ட் பெட்டிக்கும் 300 டாலர். அதே பெட்டியை ஸ்டால் சாமான்களோடு ஒரே சரக்காக அனுப்பியிருந்தால் 150 டாலருக்குமேல் கூடியிருக்காது. மூன்று கிளைகளிலிருந்து மூன்று பார்சல் அனுப்பும் நிறுவனங்கள் இதில்தான் வீணாகச் செலவழிக்கின்றன. மின்னிணைப்பு, தரைவிரிப்பு, நாற்காலி, திரை, அடையாள அட்டை வருடும் கருவி எல்லாம் தனித்தனி விலை; முன்பதிவுக் கெடு தாண்டினால் விலை கணிசமாக ஏறும். ஆட்களின் பயணம், தங்குமிடத்தையும் கூட்டினால் கையேட்டில் உள்ள தொகை மொத்தச் செலவில் ஒரு பகுதி மட்டுமே. மாநாடு விலை அதிகம் என்று ஒரு மேலாளர் சலித்துக்கொள்ளும்போது, அவர் கட்டியதில் எவ்வளவு அமைப்புக்குப் போனது, எவ்வளவு சரக்கு ஒப்பந்ததாரருக்குப் போனது என்று முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது.

நன்றியா, விளம்பரமா

அமெரிக்கச் சட்டத்தில் ஸ்பான்சர் தொகைக்கு ஒரு தனிக் கோடு இருக்கிறது. 1997இல் வருமானவரிச் சட்டத்தில் சேர்ந்த 513(ஐ) பிரிவின்படி, கணிசமான பிரதிபலன் எதிர்பாராமல் தரும் ஸ்பான்சர் தொகைக்கு, தொடர்பற்ற வணிக வருமானவரி (அமைப்பின் நோக்கத்தோடு தொடர்பில்லாத வணிகத்துக்கான வரி) கிடையாது. லோகோ, பெயர், முகவரி, நடுநிலையான ஒரு வரி விவரம், இணையதள இணைப்பு ஆகியவை நன்றி தெரிவிப்பதாகவே கொள்ளப்படும். விலையைச் சொல்வது, போட்டியாளரோடு ஒப்பிடுவது, "இன்றே வாங்குங்கள்" என்று அழைப்பது, அமைப்பே பொருளைப் பரிந்துரைப்பது ஆகியவை விளம்பரம். பிரதிபலனின் சந்தை மதிப்பு தொகையில் 2%ஐத் தாண்டாவிட்டால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாண்டினால் அந்தப் பிரதிபலனின் மதிப்புக்குரிய பகுதி இந்தச் சலுகைக்குள் வராது. இத்தனை பேர் வந்தால்தான் இவ்வளவு பணம் என்று வருகையோடு கட்டிப்போட்ட தொகையும் சலுகையில் அடங்காது. ஸ்டால் இடத்துக்கான வாடகைக்கு மாநாடு, வணிகக் கண்காட்சி பற்றிய தனி விதி உண்டு.

இதனால் நடைமுறையில் ஒன்று நடக்கிறது. ஒரே ஸ்பான்சர் தொகைக்குள் நன்றி, ஸ்டால், இலவச டிக்கெட், ஆள்சேர்ப்பு மேசை என்று நான்கு விதமான சரக்கு கலந்திருக்கும். ஒரு அமைப்பு அதை நன்கொடை வரியில் எழுதும். இன்னொன்று சேவை வருமானத்தில் எழுதும். இரண்டு அமைப்புகளின் அறிக்கையை அருகருகே வைத்து, இவர்களுக்கு நன்கொடை அதிகம், அவர்களுக்கு வணிக வருமானம் அதிகம் என்று முடிவுகட்டினால் தவறாகப் போகும். டிக்கெட்டும் அப்படித்தான். பத்து டிக்கெட் அடங்கிய தொகுப்பை ஒரு நிறுவனம் வாங்கினால் அந்தப் பத்துப் பேரின் கட்டணம் ஸ்பான்சர் வரவில் ஒளிந்துவிடும். டிக்கெட் வரவு மொத்தச் செலவில் பாதியைத்தான் ஈடுகட்டுகிறது என்ற கணக்கு, இந்த ஒதுக்கீட்டைப் பார்க்காமல் பொருளற்றது.

படிவம் 990 எதைக் காட்டும், எதைக் காட்டாது

அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் படிவம் 990 தாக்கல் செய்யவேண்டும்; கேட்பவருக்குக் காட்டவும் வேண்டும். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தேடல் தளத்தில் அமைப்பின் பெயரைப் போட்டாலே கிடைக்கும். ஆண்டு வரவு 2 லட்சம் டாலருக்குக் குறைவாகவும் சொத்து 5 லட்சம் டாலருக்குக் குறைவாகவும் இருந்தால் சுருக்கப் படிவம். வரவு 50,000 டாலருக்குள் என்றால் அஞ்சலட்டை அளவு விவரமே போதும். ஒரு நகரத்தில் 200 பேர் கூடும் மாநாட்டை நடத்தும் சிறு அமைப்பைப் பற்றி இங்கே ஏதும் கிடைக்காது.

முழுப் படிவத்தில் பார்க்கவேண்டியவை சில. மூன்றாம் பகுதியில் அமைப்பின் மூன்று பெரிய திட்டங்களும் ஒவ்வொன்றுக்கும் செலவும் வருமானமும் இருக்கும். மாநாடு அதில் ஒன்றாக இருந்தால் நிகழ்ச்சியின் கணக்குக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது இந்த இடம்தான். ஏழாம் பகுதியில் நிர்வாகிகளின் சம்பளமும், 1 லட்சம் டாலருக்குமேல் வாங்கிய முதல் ஐந்து ஒப்பந்ததாரர்களும். மாநாட்டு மையமோ நிகழ்ச்சி நிறுவனமோ பெரும்பாலும் அங்கே தென்படும். ஒன்பதாம் பகுதியின் 19ஆம் வரி மாநாடுகள், கூட்டங்களுக்கான செலவு. இதை மாநாட்டின் மொத்தச் செலவு என்று எடுத்துக்கொள்வது பரவலான தவறு. ஊழியர் சம்பளம் வேறு வரிகளில் இருக்கும், பயணம் 17ஆம் வரியில் இருக்கும், நல்கைகள் மேலே இருக்கும். அமைப்பு தன் ஊழியரை வைத்தே மாநாட்டை நடத்தினால் 19ஆம் வரி சிறியதாகவும், வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தால் வேறு வரி பெரியதாகவும் தெரியும். ஸ்பான்சர் பெயரும் தொகையும் அடங்கிய பி அட்டவணை பொதுமக்களுக்கு வரும்போது பெயர்கள் நீக்கப்பட்டிருக்கும். நிர்வாகக் குழுவினரோடு அமைப்பு செய்த கொடுக்கல் வாங்கல் எல் அட்டவணையில் வரும். மாநாட்டின் வீடியோ ஒப்பந்தம் குழு உறுப்பினரின் நிறுவனத்துக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க நினைப்பவர் தேடவேண்டிய இடம் அது.

காலதாமதம் இன்னொரு தொல்லை. நிதியாண்டு டிசம்பரில் முடியும் அமைப்புக்குக் கெடு அடுத்த மே 15. ஆறு மாத நீட்டிப்போடு நவம்பர் 15. 2025 மே மாத மாநாட்டின் கணக்கு 2026 நவம்பரில் வெளியாகலாம். பதினெட்டு மாதம். அதற்குள் அடுத்த மாநாடு முடிந்து, அதற்கடுத்ததற்கு ஸ்பான்சர் கையேடு வந்திருக்கும்.

இருப்புநிலைக் குறிப்பிலும் ஒரு பொறி உண்டு. மே மாத மாநாட்டுக்கு நவம்பரிலேயே ஸ்பான்சர் பணம் வரத் தொடங்கும். டிசம்பர் 31 அன்று வங்கிக் கையிருப்பு பெருத்திருக்கும். அதில் ஒரு பகுதி இன்னும் ஈட்டாத வருமானம்; கணக்கில் பொறுப்பாக எழுதப்படும். நிகழ்ச்சி நடக்காவிட்டால் திருப்பித் தரவேண்டிய பணம் அது. கையிருப்பை மட்டும் பார்த்து, இவர்களிடம் பணம் கொட்டிக்கிடக்கிறது என்று எழுதுகிறவர்கள் இந்தப் பொறுப்பைக் கழிப்பதில்லை.

சட்ட வடிவமும் முக்கியம். பைத்தான் அறக்கட்டளையும் ட்ருபல் அசோசியேஷனும் 501(சி)(3) வகை, அதாவது பொதுநல அறநிறுவனங்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 501(சி)(6), தொழில்துறைச் சங்க வகை. உறுப்பு நிறுவனங்களின் பொதுநலனுக்கு உழைப்பது அதன் சட்டபூர்வ வேலை. குபெர்னெட்டிஸ் என்ற கிளவுட் மென்பொருளுக்கான குப்கான் போன்ற பெரிய மாநாடுகள் அதன் குடைக்கீழ் நடக்கின்றன. இரண்டையும் லாபநோக்கற்றவை என்று ஒரே மூச்சில் சொல்வது சரிதான். ஆனால் யாருக்காக என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை தருகின்றன. ஸ்பான்சர் தொகையின் அளவும் அந்த விடையைப் பொறுத்தே அமைகிறது.

செலவே குறைவாக வைத்துக்கொண்டவர்கள்

பிரசல்ஸில் நடக்கும் திறமூல மென்பொருள் மாநாடான ஃபாஸ்டெமுக்கு டிக்கெட்டும் கிடையாது, பதிவும் கிடையாது. பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு சனி ஞாயிறு, பல்கலைக்கழக வளாகத்தில் பல ஆயிரம் பேர் கூடுகிறார்கள். உணவுப் பொறுப்பை அமைப்பு ஏற்பதில்லை, ஓட்டல் அறை பிடிப்பதில்லை, வேலை பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். மேலே சொன்ன செலவுகளில் பல அங்கே எழவே இல்லை. ஜெர்மனியின் ஹேக்கர் சங்கமான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் ஆண்டு இறுதியில் நடத்தும் காங்கிரஸ் எதிர்த்திசையில் போகிறது: ஸ்பான்சரே கிடையாது, டிக்கெட்டும் தன்னார்வ உழைப்பும்தான் முதல். தன்னார்வலர்களும் டிக்கெட் வாங்குகிறார்கள். பைகான் யூஎஸ்ஸிலும் பேச்சாளர், அமைப்பாளர் உட்பட எல்லாரும் கட்டணம் கட்டவேண்டும், முடியாதவர்களுக்கு நிதியுதவி என்ற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இதன் பெரிய நன்மை கணக்குத் தெளிவு. இலவசமாக நுழைந்தவர் எத்தனை பேர், அவர்களின் சாப்பாட்டுச் செலவை யார் கட்டினார்கள் என்ற குழப்பமே வராது.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் சமூகத்தின் மாநாடான டெப்கான் ஆண்டுக்கொரு நாட்டுக்குப் போகிறது. 2023இல் கொச்சியில் நடந்தது. அடுத்த ஆண்டு பூசான், அதற்கடுத்து பிரெஸ்ட். டெபியனுக்கென்று தனிச் சட்ட நிறுவனம் கிடையாது. அமெரிக்காவின் சாஃப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் (எஸ்பிஐ), டெபியன் பிரான்ஸ் போன்ற நம்பிக்கை அமைப்புகள் பணத்தை வைத்திருந்து செலவு செய்கின்றன. எஸ்பிஐ இதற்கு 5% எடுத்துக்கொள்கிறது. இதே வேலையைச் செய்யும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவும் 10%. ஸ்பான்சர் கணக்கில் இந்தக் கழிவை மறந்துவிடக்கூடாது. டெப்கானின் சிறப்பு, பல ஆண்டுகளில் மாநாடு முடிந்ததும் ஒரு விரிவான இறுதி அறிக்கை தயாரானது. நிகழ்ச்சி வாரியாகக் கணக்குக் காட்ட முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. அதைச் செய்பவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்தியாவில் இன்வாய்ஸிலிருந்தே தொடங்கும் சிக்கல்

2019இல் பைகான் இந்தியா சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது. இத்தகைய மாநாடுகளை நம் நாட்டில் பதிவுபெற்ற சங்கமோ பிரிவு 8 நிறுவனமோ (கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான லாபநோக்கற்ற நிறுவனம்) நடத்துகிறது. எந்த வடிவம் என்பதைப் பொறுத்து ஸ்பான்சர் பணத்தின் கணக்கே மாறும்.

பிரிவு 8 நிறுவனம் 5 லட்சம் ரூபாய் ஸ்பான்சர்ஷிப்புக்கு இன்வாய்ஸ் போடுகிறது. 2025 ஜனவரி 16 முதல், நிறுவன வடிவில் உள்ள அமைப்பு தானே ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டவேண்டும். 18% சேர்த்து 5,90,000. ஸ்பான்சர் அசல் தொகையில் 2% டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வருமானவரி) பிடிப்பார், 10,000. வங்கியில் விழுவது 5,80,000. அதில் 90,000 அரசுக்குரியது. அரங்கத்துக்கும் உணவுக்கும் கட்டிய ஜிஎஸ்டியில் தகுதியானதை இதில் கழித்துக்கொள்ளலாம். டிடிஎஸ் 10,000 வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பும். கையில் உடனே புழங்குவது 4,90,000. இந்த 90,000ஐயும் வரவில் கூட்டிக் காட்டும் மாநாட்டுக் கணக்குகள் இருக்கின்றன. மொத்தம் பெரிதாகத் தெரியும், உண்மை அதில் இல்லை.

அதே தொகையைப் பதிவுபெற்ற சங்கம் ஒரு கம்பெனியிடம் வாங்கினால், பழைய முறைப்படி ஸ்பான்சர் நிறுவனமே ஜிஎஸ்டியை நேராக அரசுக்குக் கட்டும். சங்கத்துக்கு வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் இப்படி வரும் வரவு, உள்ளீட்டு வரி (வாங்கியவற்றுக்குக் கட்டிய ஜிஎஸ்டி) கணக்கில் விலக்களிக்கப்பட்ட வரவுபோலப் பார்க்கப்படும். அரங்க வாடகைக்குக் கட்டிய 18% வரியில் அந்த வரவுக்கு உரிய பங்கைக் கழிக்க முடியாது. அது அப்படியே செலவாகும். 20 லட்சம் வாடகை என்றால் வரி 3,60,000. திட்டம் போடும்போது இதை விட்டுவிட்டு, நிகழ்ச்சி முடிந்து கணக்காளரிடம் போனபோது தெரிந்துகொள்வது நடக்கிற கதை.

வருமானவரி விலக்கில் மற்றொரு வரம்பு. கல்வி, மருத்துவம், வறியோர் உதவி போன்ற வகைகளில் அடங்காமல், பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கம் என்ற வகையில் வரும் அமைப்புக்கு, வணிகத் தன்மையுள்ள வரவு மொத்த வரவில் 20%ஐத் தாண்டினால் அந்த ஆண்டின் விலக்கு போய்விடும். ஸ்பான்சரும் டிக்கெட்டுமே வரவாக இருக்கும் அமைப்பு இந்த வரம்பை முதல் ஆண்டிலேயே தொடும். ஆகவே பதிவு செய்யும்போதே நோக்கத்தை எப்படி எழுதுகிறோம் என்பதைத் தணிக்கையாளரோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

வெளிநாட்டு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வந்தால் கவனம் இரட்டிப்பாகும். நன்கொடை என்று வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு செயல்பாடும் 15 லட்சம் ரூபாய்ச் செலவும் காட்டவேண்டும். பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வரவேண்டும். வழக்கமான தொழில் முறையில் செய்த சேவைக்கான கட்டணத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் இன்வாய்ஸ், ஒப்பந்தம், மின்னஞ்சல் மூன்றும் ஒரே மாதிரி அதைச் சேவைக் கட்டணம் என்று சொல்லவேண்டும். ஒப்பந்தத்தில் ஸ்டால் என்றும் மின்னஞ்சலில் உங்கள் நன்கொடைக்கு நன்றி என்றும் எழுதினால் பின்னால் விளக்கம் கேட்பார்கள். பல அமைப்பாளர்கள் ஸ்பான்சரின் இந்தியக் கிளையிடமே ரூபாயில் வாங்க விரும்புவது இதனால்தான்.

வெளிப்படைத்தன்மையில் பிரிவு 8 நிறுவனங்களுக்கு ஒரு நல்ல அம்சம்: ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் ஏஓசி-4 படிவத்தில் நிதியறிக்கை தாக்கலாகும், கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். ஆனால் செப்டம்பரில் நடந்த மாநாட்டுக்கு அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் அது வரும். அதிலும் நிகழ்ச்சிச் செலவு என்று ஒரே ஒரு வரி இருக்கும்.

நிகழ்ச்சிக் கணக்கு எப்படி இருக்கவேண்டும்

இரண்டு பக்கம் போதும், 90 நாளில் வெளியிட்டால் பயன்படும். வரவில் டிக்கெட்டை வகைவாரியாக எண்ணிக்கையோடு காட்டவேண்டும். ஸ்பான்சர் தொகுப்புகளில் அடங்கிய டிக்கெட்டுகளும் இலவச டிக்கெட்டுகளும் தனியாக. ஸ்பான்சர் ரொக்கம், தொகைக்கேற்பப் பிரித்த அடுக்குவாரியாக. ஒரு நிறுவனம் தன் தள்ளுபடி வெளியே தெரியக்கூடாது என்று கேட்பது இயல்பு. மேல் அடுக்கில் ஒருவர்தான் இருந்தால் அதை அடுத்த அடுக்கோடு சேர்த்துக் காட்டலாம். வந்த பணமும் வரவேண்டிய பாக்கியும் பிரிந்திருக்கவேண்டும். பெரிய நிறுவனங்களின் பணம் 60, 90 நாள் கழித்து வருவது சகஜம். அரங்கமோ முன்பணம் கேட்கும். இந்த இடைவெளியைச் சேமிப்பிலிருந்து நிரப்பியிருந்தால் அதையும் எழுதலாம்.

பொருளாக வந்த ஸ்பான்சர்ஷிப்பை ரொக்கத்தோடு கலக்கவே கூடாது. 50,000 டாலர் மதிப்புள்ள கிளவுட் கிரெடிட் (இணையவழிக் கணினிச் சேவையைப் பணம் கட்டாமல் பயன்படுத்தும் உரிமை) வரவிலும் செலவிலும் ஒரே அளவு ஏறும். மிச்சம் மாறாது, ஆனால் மாநாட்டின் அளவு ஊதிவிடும். அமெரிக்கக் கணக்கியல் விதிகளே 2021க்குப் பிறகு லாபநோக்கற்ற அமைப்புகள் பொருள் நன்கொடையைத் தனி வரியாகக் காட்டவேண்டும் என்கின்றன.

செலவில் அரங்கம், உணவு, ஒளி ஒலி, வீடியோ, பயண உதவி, காப்பீடு, இணையவழிக் கட்டணச் சேவை (பேமென்ட் கேட்வே) பிடிக்கும் கழிவு, திருப்பித் தந்த டிக்கெட், ஓட்டல் அபராதம் ஆகியவை தனித்தனியே வேண்டும். அரங்கத்தோடு ரகசிய ஒப்பந்தம் இருந்தாலும் வகைவாரி மொத்தத்தைக் காட்டத் தடை இருப்பது அரிது. பயண உதவியில், அறிவித்த தொகையும் உண்மையில் வழங்கிய தொகையும் இரண்டும் தேவை. விசா கிடைக்காமல் வர முடியாதவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒதுக்கியது மிஞ்சும்.

மிகவும் அடிப்படையானது ஊழியர் செலவு. ஆண்டில் ஏழு மாதம் மாநாட்டு வேலையே பார்க்கும் ஒருவரின் சம்பளத்தை நிகழ்ச்சிக் கணக்கில் சேர்த்தால் பற்றாக்குறை, சேர்க்காவிட்டால் உபரி. இரண்டும் பொய்யில்லை. ஆகவே ஊழியர் செலவுக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு என்று இரண்டு எண்களையும், எந்த அடிப்படையில் பகிர்ந்தோம் என்ற ஒரு வரியையும் தரவேண்டும். உபரி எதற்குப் போனது என்பது அடுத்த வரி: களஞ்சியப் பராமரிப்பா, நல்கையா, அடுத்த ஆண்டு அரங்க முன்பணமா, சேமிப்பா.

ஸ்பான்சர் செய்யும் நிறுவனத்தின் பக்கத்தில் வேலை சிறியது. ஒப்பந்தத்தில் இரண்டு உட்பிரிவுகள் சேர்த்தால் போதும்: நிகழ்ச்சி முடிந்த 90 நாளில் வரவுசெலவு அறிக்கை பொதுவெளியில் வரவேண்டும், ரத்தானால் அதுவரை ஆன செலவைக் கழித்து மிச்சத்தைத் திருப்புவதா, அடுத்த ஆண்டுக்கு வரவு வைப்பதா, நன்கொடையாக விட்டுவிடுவதா என்பது முன்பே எழுதப்படவேண்டும். 2020இல் மிகுந்த நேரம் போனது இந்த இரண்டாவது கேள்வியில்தான். பல ஒப்பந்தங்களில் அதற்கு விடையே இல்லை. பர்ச்சேஸ் ஆர்டர் போட்ட பிறகு இதைக் கேட்டால் சட்டப் பிரிவு, கொள்முதல் பிரிவு என்று இழுபடும். ஸ்பான்சர் கையேடு கேட்டு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே சென்ற ஆண்டின் நிகழ்ச்சிக் கணக்கையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.